மச்சு பிச்சுவுக்குக் கால்நடையாக

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக வடக்கு தெற்காக நீண்டு கிடப்பது ஆண்டீஸ் மலைத்தொடர். அம்மலைத்தொடரில், பெரு நாட்டின் எல்லைக்குள், ஏறத்தாழ 8000 அடி உயரத்தில், இரண்டு சிகரங்களுக்கு இடைப்பட்ட ஒரு குறுகிய மலைமுதுகின்மீது, கூரையிழந்த கல்வீடுகள் சுமார் இருநூறு நிற்கின்றன. அவற்றைச் சுற்றிப் படிப்படியாக இறங்கும் வயல்கள். அவற்றுக்கும் வெகு கீழே, மலையின் அடியை மூன்று புறமும் வளைத்துக்கொண்டு ஓடும் உருபாம்பா ஆறு. மச்சு பிச்சு என்று உலகம் அழைக்கும் இடம் இதுவே. நேயர்களில் பலர் இதன் படத்தையேனும் பார்த்திருப்பீர்கள்.

இவ்விடத்தை அடைய இன்று பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. கூஸ்கோ நகரப் பகுதியிலிருந்து ரயிலேறி, ஆற்றங்கரையில் உள்ள ஆகுவாஸ் காலியென்டெஸ் என்னும் சிற்றூரில் இறங்கி, அங்கிருந்து மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறும் பாதையில் பேருந்தில் சென்றால், அரைமணி நேரத்தில் வாயிலிலேயே இறங்கிவிடலாம். அந்தப் பாதை 1948இல் திறக்கப்பட்டது. அதற்கு ஹைரம் பிங்ஹாம் என்ற அமெரிக்கரின் பெயரை இட்டிருக்கிறார்கள். மற்றொரு வழி, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு நான்கு நாட்கள் நடக்கும் வழி. இந்த இரண்டாம் வழியில் செல்லும் ஒரு பயணியைப் பின்தொடர்ந்து நாமும் செல்வோம். நடப்பதுதான் உயர்ந்தது என்று வாதிடுவதற்காக அன்று. மச்சு பிச்சு, நடந்து வருகிறவர்களை எதிர்நோக்கிக் கட்டப்பட்ட ஊர். அதன் பாதையை விட்டுவிட்டு ஊரை மட்டும் பார்த்தால், அஃது ஏதோ வானத்திலிருந்து விழுந்த விந்தைபோலத் தோன்றும். பாதையோடு சேர்த்துப் பார்த்தால், யார் கட்டினார்கள், யார் சுமந்தார்கள், யார் அங்கே வாழ்ந்து மடிந்தார்கள் என்னும் கேள்விகள் தாமே எழும்.

பயணி முதலில் வந்து சேரும் கூஸ்கோ 11,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. சமவெளியிலிருந்து வந்தவருக்கு அங்கே மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை கனக்கும். உள்ளூரார் கோக்கா இலையை வெந்நீரில் இட்டுக் கொடுப்பார்கள். இரண்டொரு நாள் உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் மேலே புறப்பட வேண்டும். மேலே என்று சொன்னேன். உண்மையில் மச்சு பிச்சு கூஸ்கோவைவிட மூவாயிரம் அடி தாழ்ந்த இடம். தலைநகரத்தின் கடுங்குளிரிலிருந்து விலகி அரசர் சென்று தங்குவதற்கு அஃது ஏற்றதாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசர் என்றது இன்கா மன்னரை. கூஸ்கோவைச் சூழ்ந்த ஒரு சிறு பகுதியை ஆண்ட இவர்கள், 15ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குள், இன்றைய கொலம்பியாவின் தென்பகுதி தொடங்கிச் சிலி நாட்டின் நடுப்பகுதி வரை பரந்த ஒரு பேரரசை உண்டாக்கினார்கள். நான்கு கூறுகள் இணைந்தது என்னும் பொருள்பட அதனைத் தவான்டின்சூயு என்று அவர்கள் அழைத்தார்கள். அவர்களிடம் இரும்பு இல்லை. குதிரை இல்லை. வண்டியோட்டச் சக்கரம் இல்லை. நாம் எழுத்து என்று கருதும் எழுத்தும் இல்லை. கயிறுகளில் முடிச்சிட்டுக் கணக்கு வைத்துக்கொண்டார்கள். இத்தனையும் இல்லாதவர்கள் அத்தனை பெரிய நாட்டை ஆண்டது எப்படி என்று கேட்டால், அதற்கு விடை பெரும்பாலும் பாதைகளில் இருக்கிறது. கடற்கரைப் பாலைவனத்தினூடும் பனிபடர்ந்த கணவாய்களினூடும் அவர்கள் அமைத்த சாலைகள் 18,000 மைலுக்கும் மேல் நீண்டவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இச்சாலைகளை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 2014இல் உலக மரபுச் செல்வமாக ஏற்றது. இன்று அவை ஆறு நாடுகளின் எல்லைக்குள் அடங்குகின்றன.

அச்சாலைகளில் ஓடியவை மனிதக் கால்கள். சாஸ்கி எனப்பட்ட அஞ்சலோட்டக்காரர்கள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செய்தியை மாற்றிக்கொண்டு ஓடினார்கள். லாமா என்னும் விலங்கு ஓரளவு சுமை தூக்கும். ஆனால் ஆளைச் சுமக்காது. ஆகவே மற்ற எல்லாச் சுமையும் ஆட்களின் முதுகில்தான். குடிகள் அரசுக்குச் செலுத்திய வரியும் காசாக அன்றி உழைப்பாகவே இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் முறைவைத்து ஆளனுப்ப வேண்டும். அவர்கள் சாலை போடுவார்கள், கல் உடைப்பார்கள், அரசர் நிலத்தை உழுவார்கள், போருக்குச் செல்வார்கள். வேலை செய்யும் நாட்களில் அரசு அவர்களுக்குச் சோறும் மக்காச்சோளக் கள்ளும் அளித்தது. மீட்டா என்பது இம்முறையின் பெயர். பின்னர் வந்த ஸ்பானியர், சோறிடும் கடமையைக் கைவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, இதே முறையால் பொடோசி வெள்ளிச் சுரங்கத்திற்கு ஆயிரக்கணக்கானவர்களை இழுத்துச் சென்றது வேறொரு துயரக் கதை.

நம் பயணி நடக்கத் தொடங்குவது ரயில் பாதையின் 82ஆம் கிலோமீட்டர்க் கல்லின் அருகே, உருபாம்பா ஆற்றின் கரையில். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 26 மைல். தொலைவைக் கேட்டால் பெரிதாகத் தோன்றாது. ஏற்ற இறக்கம்தான் ஆளை வாட்டுவது. இரண்டாம் நாள் கடக்க வேண்டிய கணவாய் 13,800 அடி உயரமுள்ளது. கெச்சுவா மொழியில் அதன் பெயருக்கு ‘இறந்த பெண்’ என்று பொருள். கீழிருந்து நோக்கினால் அம்மலைமுகடு மல்லாந்து கிடக்கும் ஒரு பெண்ணின் உருவம்போலத் தெரிவதால் வந்த பெயர் என்பார்கள். அங்கே பத்தடி நடப்பதும் ஒரு முறை நிற்பதுமாகத்தான் பெரும்பாலோர் ஏறுகிறார்கள். அதன்பின் இறக்கம், பிறகு மற்றொரு கணவாய், பிறகு மேகம் தவழும் காடு. மரங்களில் பாசியும் ஆர்க்கிட் மலர்களும் தொங்கும். காலடியில் இன்காக்கள் பதித்த கற்களே இன்றும் பல இடங்களில் படிகளாக இருக்கின்றன. ஓரிடத்தில் பாறையைக் குடைந்து சுரங்கமாக்கிப் பாதையை உள்ளே நுழைத்திருக்கிறார்கள்.

வழியில் சிறிய சிதைவுகள் பல. ருன்குராகாய் என்பது வட்டமான ஒரு தங்கலிடம். சயக்மார்க்கா மூன்று பக்கமும் செங்குத்தான ஒரு பாறைமூக்கின்மீது நிற்கிறது. புயுபட்டாமார்க்கா என்ற பெயருக்கே மேகங்களுக்கு மேலுள்ள ஊர் என்று பொருள். கடைசி இரவு தங்குமிடத்தின் அருகில் வின்யாய் வாய்னா. மலைச்சரிவில் விசிறிபோல் விரிந்த படிவயல்களும், ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த நீர்த்தொட்டிகளும் உடையது. என்றும் இளமை என்று பொருள்படும் இப்பெயர் அங்கே பூக்கும் ஓர் ஆர்க்கிட் மலரின் பெயர். இவ்விடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கடந்து வருகிறவருக்கு ஓர் உண்மை விளங்கும். மச்சு பிச்சு தனித்து நின்ற ஊர் அன்று. ஒரு பெரிய ஏற்பாட்டின் இறுதிப் பகுதி அது.

நான்காம் நாள் காலையில் இன்டிபுங்கு என்னும் ஞாயிற்று வாயிலை அடைந்தால், கீழே ஊர் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். மேகம் இல்லாதிருந்தால் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பல நாட்களில் வெள்ளைப் புகைபோல் மேகம் மூடிக்கிடக்கும். நான்கு நாள் நடந்தவர்கள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து அது விலகுவதற்காகக் காத்திருப்பார்கள்.

இனி ஊரைப் பார்ப்போம். கோவிலைவிட, அரண்மனையைவிட, எனக்கு வியப்பளிப்பது அதன் நீரமைப்பு. மலைச்சரிவில் உள்ள ஓர் ஊற்றிலிருந்து ஏறத்தாழ 2450 அடி நீளமுள்ள ஒரு கல்வாய்க்கால் ஊருக்குள் நீரைக் கொண்டுவருகிறது. அதன் சாய்வு மிக மென்மையானது. சற்று மிகுந்தால் நீர் கரையை மீறும், குறைந்தால் தேங்கும். உள்ளே வந்த நீர் பதினாறு தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றாக விழுந்து இறங்குகிறது. முதல் தொட்டி மன்னர் மாளிகை என்று கருதப்படும் கட்டடத்தை ஒட்டியிருக்கிறது. ஆகவே தூய நீர் முதலில் மன்னருக்கு, அதன்பின் மற்றவர்களுக்கு. 1990களில் கென்னத் ரைட் என்ற அமெரிக்க நீரியல் பொறியாளர் குழுவினருடன் சென்று இவற்றையெல்லாம் அளந்து ஆராய்ந்தார். ஆண்டுக்கு 75 அங்குலத்துக்கும் மேல் மழை பெய்யும் செங்குத்து மலையின்மேல் ஓர் ஊர் ஐந்நூறு ஆண்டுகள் சரிந்து விழாமல் இருந்தது ஏன் என்பதே அவர் முன்னிருந்த கேள்வி. விடை நிலத்துக்குள் கிடைத்தது. படிவயல் ஒவ்வொன்றின் அடியிலும் பெருங்கற்கள், அவற்றின்மேல் சரளை, அதன்மேல் மணல், எல்லாவற்றுக்கும் மேலே பயிர்மண். விழுந்த மழை மண்ணைக் கரைக்காமல் உள்ளிறங்கி வடிந்துவிடும். சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வடிதுளைகள் வைத்திருக்கிறார்கள். நடுவிலுள்ள பெருவெளியின் அடியிலும் கல் உடைத்த சில்லுகளைப் பரப்பி வடிகாலாக்கியிருக்கிறார்கள். அங்கே செய்யப்பட்ட வேலையில் பாதிக்கும் மேற்பட்டது கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தின் அடியில் இருக்கிறது என்பது ரைட் கண்ட முடிவு. அந்த வேலையைச் செய்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது.

சுவர்களைப் பற்றியும் ஒரு சொல். அவ்விடத்திலேயே கிடைத்த கருங்கல்லை, அதைவிடக் கடினமான கற்களால் தட்டித் தட்டியே உருவாக்கினார்கள். கோவில்களிலும் மன்னர் உறைவிடத்திலும் கற்கள் சாந்தின்றி ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. கதவும் பலகணியும் மேலே குறுகிக் கீழே அகன்றவை. சுவர்கள் சற்றே உட்புறம் சாய்ந்தவை. நிலநடுக்கம் மிகுந்த அந்நாட்டில் இது வெறும் அழகுக்காகச் செய்ததன்று. மற்றவர்களின் வீடுகளிலோ கற்கள் கரடுமுரடானவை. இடையில் களிமண் சாந்து. ஆகவே சுவரைப் பார்த்தே அங்கே எத்தகையவர் குடியிருந்தார் என்று சொல்லிவிடலாம். ஞாயிற்றுக் கோவில் எனப்படும் வளைந்த சுவருடைய கட்டடத்தில் ஒரு பலகணி உண்டு. ஜூன் மாதத்தில் சூரியன் திசைதிரும்பும் நாளின் காலைக்கதிர் அதன்வழியே நுழைந்து உள்ளிருக்கும் பாறையின்மேல் படும்படி அதனை அமைத்திருக்கிறார்கள்.

படிவயல்கள் இத்தனை இருந்தும், அவற்றின் விளைச்சல் அங்கிருந்தவர்களுக்குப் போதாது என்றும் ரைட் குழுவினர் கணக்கிட்டார்கள். நிரம்பினால் 750 பேர் வரை அங்கே தங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. அவர்களுக்கு வேண்டிய உணவு வெளியிலிருந்து வந்தாக வேண்டும். அதாவது நம் பயணி நடந்து வந்ததுபோன்ற பாதைகளின் வழியே, முதுகுகளின்மேல். மக்காச்சோளம், கீன்வா என்னும் தானியம், இவற்றோடு உருளைக்கிழங்கு. இன்று நம் நாட்டில் உருளைக்கிழங்கு இல்லாத சமையலறை அரிது. அதனை முதலில் பயிராக்கி உலகுக்கு அளித்தவர்கள் இந்த ஆண்டீஸ் மலைமக்களே. தமிழ்நாட்டில் மணிலாக்கொட்டை என்று வழங்கும் நிலக்கடலையும் தென்னமெரிக்கச் செடிதான். உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டுப் பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து உலர்த்தி, ஆண்டுக்கணக்கில் கெடாத வற்றலாக்கிக் களஞ்சியங்களில் சேர்த்துவைப்பதும் அவர்களுடைய வழக்கம்.

அப்படியானால், தன் உணவைத் தானே விளைவிக்காத இந்த ஊர் எதற்காக? கோட்டை என்றார்கள், கன்னிமாடம் என்றார்கள், இன்கா குலம் தோன்றிய இடமே இதுதான் என்றும் சொன்னார்கள். 1980களில் ஒரு பழைய பத்திரம் இக்கேள்விக்கு வழிகாட்டியது. 1568ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்பானிய நிலப்பத்திரம் அது. உருபாம்பாப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் பிக்சு என்ற இடம் உட்பட்ட நிலங்கள் முன்னர் இன்கா யுபாங்கிக்கு, அதாவது பச்சாகூட்டி மன்னருக்கு உரியவையாக இருந்தன என்று அதில் கண்டிருந்தது. இன்கா வரலாற்று அறிஞர் ஜான் ரோ இதனைக்கொண்டு, மச்சு பிச்சு பச்சாகூட்டியின் சொந்தப் பண்ணைநிலமும் ஓய்விடமும் என்று காட்டினார். இன்று ஆய்வாளர்களிற் பெரும்பாலோர் இக்கருத்தையே ஏற்கிறார்கள்.

இன்காக்களின் ஒரு வழக்கம் இதனை விளக்க உதவும். மன்னர் இறந்தால் அரசுரிமை புதியவருக்கு வரும். ஆனால் இறந்தவர் தேடிய நிலமும் மாளிகையும் அவருடைய மற்றச் சந்ததியாருக்கே சேரும். அவர்கள் அச்செல்வத்தைக்கொண்டு பழைய மன்னரின் பதப்படுத்திய உடலுக்கு உணவும் உடையும் அளித்து, உயிரோடிருப்பவர்போலவே போற்றிவருவார்கள். ஆகவே ஒவ்வொரு புதிய மன்னரும் தமக்கென்று புதிய நிலம் தேடியாக வேண்டும். பச்சாகூட்டி தேடிக்கொண்ட இடங்களுள் இஃது ஒன்று. அவர் ஆட்சிக்கு வந்தது 1438இல் என்று ஸ்பானியர் எழுதிய வரலாறுகளைக்கொண்டு நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆனால் அங்கே கிடைத்த எலும்புகளையும் பற்களையும் கரிமமுறையால் ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவு, ஏறத்தாழ 1420 முதலே அங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்று கூறுகிறது. 1530 வரை அவ்வாழ்வு தொடர்ந்தது.

அதன்பின் நடந்தவை விரைவானவை. 1532இல் பிசாரோ என்ற ஸ்பானியத் தலைவன் காஹாமார்க்காவில் இன்கா மன்னர் அதாவல்பாவைச் சிறைப்பிடித்தான். அடுத்த ஆண்டு அவரைக் கொன்றான். கூஸ்கோவும் அவன் வசமாயிற்று. எஞ்சிய இன்கா மன்னர்கள் வில்கபாம்பா என்ற காட்டுப் பகுதியில் ஒதுங்கி 1572 வரை தாக்குப்பிடித்தார்கள். பேரரசு குலைந்தபின் மன்னரின் ஓய்விடத்துக்கு யார் அரிசியும் பருப்பும் சுமப்பார்கள் என்று நம் வழக்கில் கேட்கலாம். மச்சு பிச்சு ஓய்ந்துபோயிற்று. ஸ்பானியர் அங்கே கோவிலை இடிக்கவும் இல்லை, தேவாலயம் கட்டவும் இல்லை. அது தப்பிப் பிழைத்ததற்கு அவர்களுடைய அக்கறையின்மையும் ஒரு காரணம்.

ஆனால் ஓய்ந்துபோவது வேறு, தொலைந்துபோவது வேறு. ‘தொலைந்த நகரம்’ என்ற பட்டம் இவ்வூருக்கு எப்படி வந்தது என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். 1911ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள். யேல் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்துவந்த ஹைரம் பிங்ஹாம், இன்காக்களின் கடைசித் தலைநகரான வில்கபாம்பாவைத் தேடி அப்பக்கம் வந்திருந்தார். ஆற்றங்கரையில் குடியிருந்த மெல்ச்சோர் ஆர்த்தேகா என்ற உழவர், மேலே சிதைவுகள் உள்ளன என்று சொன்னார். ஒரு வெள்ளிக்காசு கூலி பேசி அழைத்துச் சென்றார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மரக்கட்டைகளால் ஆன பாலத்தில் தவழ்ந்து ஆற்றைக் கடந்து, புதரைப் பற்றிக்கொண்டு ஏறினார்கள். உச்சிக்கு அருகில் அவர்களை வரவேற்றவை பாழடைந்த மௌனமா? இல்லை, இரண்டு உழவர் குடும்பங்கள். ரிச்சார்ட்டே, ஆல்வாரெஸ் என்னும் அக்குடும்பத்தினர் இன்காக்களின் படிவயல்களில் பயிரிட்டுக்கொண்டு, வரி வாங்குவோரும் படைக்கு ஆள்பிடிப்போரும் எளிதில் வரமாட்டாத இடமென்று நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் குளிர்ந்த நீரும் கொடுத்தார்கள். ஒரு சிறுவனை வழிகாட்ட அனுப்பினார்கள். உலகத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று என்று பின்னர் புகழப்பட்ட இடத்திற்குப் பிங்ஹாமை இட்டுச் சென்றவன் அந்தச் சிறுவன்.

அதுவுமன்றி, மூன்று பலகணிக் கோவிலின் சுவரில் லிசாரகா என்ற பெயரும் 1902 என்ற ஆண்டும் கரியால் எழுதப்பட்டிருந்ததைப் பிங்ஹாமே கண்டு தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அகுஸ்தின் லிசாரகா அப்பகுதியைச் சேர்ந்தவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வந்து போனவர். 1912இல் ஆற்றில் விழுந்து இறந்துபோனார். அதற்கும் முன்னர், 1880இல் வெளிவந்த ஷார்ல் வீனர் என்ற பிரெஞ்சுப் பயணியின் நூலில் மச்சு பிச்சு, வாய்னா பிச்சு என்னும் இரு பெயர்களும் காணப்படுகின்றன; அவர் கேள்விப்பட்டாரே அன்றி அங்குச் செல்லவில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. மச்சு பிச்சு என்றால் பழைய சிகரம். வாய்னா பிச்சு என்றால் இளைய சிகரம். படங்களில் ஊருக்குப் பின்னால் கூம்புபோல எழுந்து நிற்பது இளைய சிகரம். பெரு நாட்டு வரலாற்றறிஞர் ஒருவரும் அமெரிக்கத் தொல்பொருளறிஞர் ஒருவரும் பழைய ஏடுகளையும் நிலப்படங்களையும் பிங்ஹாமின் குறிப்புகளையும் ஒப்பிட்டு 2021இல் எழுதிய கட்டுரையில், இன்காக்கள் அவ்வூரை வாய்னா பிச்சு என்றோ வெறுமனே பிச்சு என்றோதான் அழைத்திருக்கவேண்டும் என்று காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்காட்டும் சான்றுகளில் ஒன்று 16ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது: அப்பகுதிப் பழங்குடியினர் வாய்னா பிச்சுவுக்குத் திரும்பிச்சென்று மீண்டும் குடியேற எண்ணியது அதில் பேசப்படுகிறது. ஊரைத் தொலைத்துவிட்டவர்கள் அதற்குத் திரும்ப எண்ணுவார்களா?

பிங்ஹாமின் உழைப்பைக் குறைத்துச் சொல்லக்கூடாது. புதரை வெட்டி, அளந்து, நிழற்படம் எடுத்து, உலகத்தின் முன் வைத்தவர் அவரே. 1913 ஏப்ரலில் ஓர் அமெரிக்கப் புவியியல் இதழ் தன் பக்கங்கள் அனைத்தையும் இதற்கே ஒதுக்கியது. ஆனால் தாம் தேடிவந்த வில்கபாம்பா இதுவே என்று அவர் கடைசிவரை நம்பினார். உண்மையான வில்கபாம்பா எஸ்பீரிட்டு பம்பா என்னும் காட்டிடம் என்று இன்று ஏற்கப்பட்டுள்ளது. அதே 1911இல் அவ்விடத்தையும் பிங்ஹாம் சென்று பார்த்தார். மரம் அடர்ந்து கிடந்த அதன் சிறு பகுதியை மட்டும் கண்டு, இதுவாக இராது என்று திரும்பிவிட்டார்.

1912இல் அவர் மீண்டும் வந்து அகழ்ந்தபோது, ஊருக்கு வெளியே மலைச்சரிவுக் குகைகளில் 170க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த ஜார்ஜ் ஈட்டன், மிகப் பெரும்பாலானவை பெண்களுடையவை என்றார். உடனே ஒரு கதை பிறந்தது: ஸ்பானியருக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்த சூரியக் கன்னியர் இங்கே ஒருவர்பின் ஒருவராக மடிந்தார்கள் என்று. எத்தனையோ பயண நூல்களில் இக்கதை இடம்பெற்றது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஜான் வெரானோ என்ற எலும்பியல் அறிஞர் அதே எலும்புகளை மீண்டும் ஆராய்ந்தார். ஆண்டீஸ் மலைமக்கள் உருவத்தில் சிறியவர்கள். அதனை எண்ணாமல் சிறிய எலும்பையெல்லாம் பெண்ணெலும்பு என்று கொண்டதால் விளைந்த பிழை அது. ஆண்களும் பெண்களும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். கன்னிமாடம் மறைந்தது, அதன் இடத்தில் குடும்பங்கள் தோன்றின.

யாருடைய குடும்பங்கள்? மன்னருடையவை அல்ல. மன்னர் குலத்தார் கூஸ்கோவில் இறந்து கூஸ்கோவிலேயே போற்றப்பட்டார்கள். 2023இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்றில், இக்குகைகளில் புதைக்கப்பட்ட 34 பேரின் எலும்புகளை ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஓரூரார் அல்லர். ஒரு நாட்டாரும் அல்லர். பெருங்கடற்கரையைச் சேர்ந்தவர், மலைநாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்தவர், அமேசான் காட்டிலிருந்து வந்தவர் என்று பேரரசின் பல மூலைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். பெரும்பாலும் ஒருவருக்கொருவர் உறவினரும் அல்லர். வாழ்நாள் முழுவதும் மன்னரின் பணிக்கென்று சொந்த ஊரிலிருந்து பிரிக்கப்பட்ட யானகோனா என்னும் பணியாளர்களும் அவர்களுடைய மனைவி மக்களுமே இவர்கள் என்று ஆய்வாளர் கொள்கிறார்கள். மன்னர் ஆண்டில் சில காலம் வந்து தங்கிப் போவார். இவர்களோ மழையிலும் வெயிலிலும் அங்கேயே இருந்து வாய்க்காலைத் துப்புரவு செய்து, கூரை வேய்ந்து, அங்கேயே இறந்தார்கள். மச்சு பிச்சுவின் குடிமக்கள் என்று சொல்லத்தக்கவர்கள் இருந்தால் இவர்கள்தாம்.

இவர்களுடைய எலும்புகளும், இவர்களோடு புதைத்த மட்பாண்டங்களும் அமெரிக்காவுக்குச் சென்று யேல் பல்கலைக்கழகத்தில் இருந்தன. 1952இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த மருத்துவ மாணவர் ஒருவர், கையில் காசின்றி நண்பரோடு கண்டத்தைச் சுற்றிவந்தபோது, மச்சு பிச்சுவுக்கும் ஏறிவந்தார். பிற்காலத்தில் கியூபாப் புரட்சியால் உலகறிந்த எர்னெஸ்டோ சே குவேராதான் அவர். இந்நகரத்தின் செல்வங்களைக் காண விரும்புகிறவர் வட அமெரிக்க அருங்காட்சியகங்களுக்கன்றோ செல்ல வேண்டியிருக்கிறது என்று அவர் மனம் நொந்து எழுதினார். அவருக்கும் முன்பே, 1943இல், சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூடா அங்கே சென்றார். அதன்பின் அவர் இயற்றிய நீண்ட கவிதையில், கல்லின் அழகை வியப்பதோடு நில்லாமல், அக்கல்லைச் சுமந்த மனிதனைத் தேடினார். அவர் தேடியவர்களைப் பற்றி அறிவியல் இத்தனை விவரம் சொல்லும் என்று அப்போது யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

பொருள்களைத் திருப்பித் தரவேண்டுமென்று பெரு நாடு பலமுறை கேட்டது. 2008இல் வழக்கும் தொடுத்தது. 2010இல் உடன்பாடு ஏற்பட்டு, 2011 முதல் 2012 வரை அவை திரும்பி வந்து சேர்ந்தன. கூஸ்கோவில் கான்ச்சா மாளிகை என்னும் பழைய கட்டடத்தில் அவற்றை இப்போது வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வெளியூரில் இருந்துவிட்டு வந்த அந்தப் பானைகளை, மலைக்குப் புறப்படும் முன்பே நம் பயணி பார்த்துவிடுவது நன்று. சோறு வடித்த பானையைப் பார்த்தபின் வீட்டைப் பார்த்தால், வீடு வேறுவிதமாகத் தெரியும்.

மச்சு பிச்சு 1983இல் உலக மரபுச் செல்வமாயிற்று. அதனால் வந்த கூட்டமே அதற்கு இப்போது ஆபத்து. 2000ஆம் ஆண்டில் ஒரு பீர் விளம்பரப் படப்பிடிப்பின்போது கருவி சாய்ந்து, இன்டிவாட்டானா என்னும் புனிதக் கல்லின் முனை உடைந்தது. ஸ்பானியர் கை படாமல் தப்பிய கல் அது. 2024 முதல் நாளொன்றுக்கு 4500 பேர், சில சிறப்பு நாட்களில் 5600 பேர் என்று வரம்பிட்டு, குறித்த வழியில்தான் சுற்றிவர வேண்டும் என்று விதித்தார்கள். நடைபாதைக்கு அதைவிடக் கடுமையான வரம்பு உண்டு: நாளொன்றுக்கு 500 பேர். ஒரு காலத்தில் எவரும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு தம் போக்கில் நடக்கலாம். இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் உரிமம் பெற்ற வழிகாட்டியின்றி நடக்க இயலாது. பிப்ரவரி மாதம் முழுவதும், மழைக்காகவும் செப்பனிடுவதற்காகவும், பாதையை மூடிவிடுவார்கள்.

அந்த 500 பேரில் பயணிகள் சுமார் 200 பேர்தாம். மற்றவர்கள் வழிகாட்டிகளும் சமையற்காரர்களும் சுமைதூக்குவோரும். கூடாரம், அடுப்பு, உணவு, சில வேளைகளில் நம் பயணியின் மூட்டையில் பாதி, எல்லாம் அவர்கள் முதுகில். பெரும்பாலோர் சுற்றியுள்ள மலையூர்களைச் சேர்ந்த கெச்சுவா மொழி பேசும் உழவர்கள். அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையில் இந்த வேலைக்கு வருகிறார்கள். நெடுங்காலம் அவர்கள் சுமைக்கு அளவு கிடையாது. கூலிக்கும் உறுதி கிடையாது. இரவில் படுக்கச் சரியான இடமும் இராது. 2001இல்தான் பெரு நாடு அவர்களுக்கென்று ஒரு தனிச் சட்டம் இயற்றி, சுமைக்கு எல்லை வகுத்தது. பாதையின் தொடக்கத்தில் ஒவ்வொருவர் மூட்டையையும் தராசில் வைத்து நிறுக்கிறார்கள். சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை என்ற குறை பின்னரும் எழுந்துகொண்டுதான் இருந்தது.

நான்காம் நாள் விடியுமுன் நம் பயணி எழுந்து ஞாயிற்று வாயிலை நோக்கி விரைகிறார். அதே வேளையில் சுமைதூக்குவோர் கூடாரங்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, அதிகாலை ரயிலைப் பிடிப்பதற்காக, ஆற்றங்கரையை நோக்கி மற்றொரு பாதையில் இறங்குகிறார்கள். அந்தப் பாதை மச்சு பிச்சுவுக்குள் செல்வதில்லை.